எதிர் நாற்காலி

ஜூன் 15, ஞாயிறு

தோற்ற ஆட்டத்தைப் பற்றித் தேதி போட்டு எழுத வேண்டும் என்று ரெஜினா டீச்சர் எங்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறார். ஜெயித்ததை எழுத வேண்டாமாம். அதைத்தான் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிடுகிறோமாம். அரசுப் பள்ளியில் கணக்கு எடுப்பவர். தப்பாகப் போட்டதைத் திரும்ப எழுத வைத்துத்தான் அவருக்குப் பழக்கம். சரி, நோட்டு வாங்கியாகிவிட்டது.

செஸ் ஆட நாங்கள் நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அருப்புக்கோட்டையில் அபுதாகிர் பாயின் பரோட்டா கடையில் கூடுவோம். பரோட்டாக் கல்லுக்கு அடுப்பு பற்றவைப்பது சாயங்காலம்தான், அதுவரைக்கும் மேசை எங்களுடையது. பாய், டீச்சர், மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கும் தனுஷ்கோடி, பள்ளிக்கூட வேன் ஓட்டும் நான். ஒருத்தருக்கும் கோப்பையோ பட்டமோ கிடையாது. ஆனால் ஆடிய ஆட்டத்தை அலசுவதில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆடுவது அரை மணி, அலசுவது ஒன்றரை மணி.

அலசுவதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் எழுந்து நாற்காலி மாறி உட்கார வேண்டும். தோற்றவன் ஜெயித்தவனின் இடத்தில் உட்கார்ந்து, ஜெயித்தவன் மண்டைக்குள் என்ன ஓடியது என்று அவனுக்காகப் பேச வேண்டும். முதலில் கூச்சமாக இருக்கும். பழகிவிட்டால் சொந்தத் தப்பை அடுத்தவன் தப்பு மாதிரி சிரித்துக்கொண்டே பார்க்கலாம்.

இன்றைக்கு நான் வெள்ளை. பாயின் ராணி ஓரமாக வந்து என் மூலை யானைக்கு முன்னால் இருந்த சிப்பாயைச் சாப்பிட்டது. அப்புறம் யானையையே சாப்பிட்டது. அது வந்ததை நான் பார்க்கவே இல்லை. “என்ன சீனி, யானைய எனக்குச் சீதனமா குடுத்திட்டியா?” என்றார் பாய். நாற்காலி மாறி அவர் இடத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் அந்த ராணி பளிச்சென்று நிற்கிறது. பச்சைப் பிள்ளைகூடப் பார்த்திருக்கும்.

இது இன்றைக்கு மட்டும் என்றால் விட்டுவிடுவேன். சித்திரை வெயிலில் ஒருநாள் பின்மண்டையில் இடிக்கிற மாதிரி தலைவலி வந்து, வாந்தி எடுத்துப் படுத்தேன். என் மனைவி பாக்கியம், சூடு என்று சொல்லி நன்னாரி சர்பத் கொடுத்துத் தூங்க வைத்தாள். மறுநாள் எழுந்து வேலைக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் நேரில் உட்கார்ந்து ஆடியதில் ஒரு ஆட்டம்கூட நான் ஜெயிக்கவில்லை.

மூளை மழுங்குகிறதோ என்று பயமாக இருக்கிறது. எழுதினால் பயம் குறையும் என்றார் டீச்சர். குறையவில்லை.

ஜூன் 18, புதன்

செல்போனில் மூன்று ஆட்டம், மூன்றும் வெற்றி. முகம் தெரியாத ஒரு ஆளை இருபத்தோரு நகர்த்தலில் மடக்கினேன். வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தனுஷ்கோடி மட்டும் “சூப்பர்ணே” என்று அனுப்பினான். மற்ற இரண்டு பேரும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

மூளை மழுங்கியவனால் இப்படி ஆட முடியுமா? எனக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பரோட்டா கடை மேசைதான் ராசி இல்லை.

வேனின் இடது பக்கக் கண்ணாடி உடைந்துபோனது. எவனோ தள்ளுவண்டியை நடுரோட்டில் விட்டிருக்கிறான். பிள்ளைகளை ஏற்றி இறக்கக் கூட வரும் செல்லக்கனி அக்கா, “ஓரமாத்தான தம்பி நின்னுச்சு?” என்றது. அக்காவுக்கு வயசாகிவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

டீச்சரோடு ஆடினேன். இன்றைக்கு நான் கறுப்பு. ராஜாவைப் பத்திரமாக மூலைக்குக் கொண்டுபோய்க் கோட்டை கட்டியிருந்தேன். டீச்சர் ராணியைக் கொண்டுவந்து என் ராஜாவின் வாசலில் நிறுத்தி, “செக்மேட்” என்று மெதுவாகச் சொன்னார். ரொம்ப மெதுவாக. சின்னப் பையனை எழுப்புகிற மாதிரி.

நாற்காலி மாறினோம். டீச்சர் இடத்தில் உட்கார்ந்ததும் எனக்கு வாய் மூடவில்லை. “இங்க நான் மொதல்லயே ராணிய ஓரத்துக்குக் கொண்டுவந்து ரெண்டு நகர்த்தல் காத்துக்கிட்டு இருந்திருக்கேன். சீனிராஜ் பாத்துத் தடுத்துருவானோன்னு எனக்கு ஒதறிக்கிட்டே இருந்திருக்கும்” என்று டீச்சருக்காகப் பேசினேன். டீச்சர் சிரித்துவிட்டார். “அந்தச் சீட்டுல உக்காந்தா நீங்க எவ்வளவு அழகா பாக்குறீங்க சீனிராஜ்!”

வழக்கம்போல ஆட்டத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டோம். எந்தப் படமானாலும் வெள்ளை கீழே இருக்கிற மாதிரித்தான் போடுவோம், அப்போதுதான் எல்லாருக்கும் குழப்பம் வராது. என்னுடைய பழைய தோல்விகளையும் வரிசையாகப் பார்த்துவிட்டு டீச்சர் தீர்ப்புச் சொன்னார். வெள்ளையில் ஆடினால் எனக்கு ராணி இருக்கும் பக்கம் பலவீனம். கறுப்பில் ஆடினால் ராஜா இருக்கும் பக்கம் பலவீனம். இரண்டு வியாதி, இரண்டு மருந்து. இரண்டுக்கும் தனித்தனியாகப் பயிற்சிக் கணக்குக் கொடுத்தார்.

பாய்தான் சும்மா இருக்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே, “செல்லுல ஆடுனா மட்டும் எங்கிருந்துய்யா வருது இம்புட்டு மூளை?” என்று கேட்டார்.

மற்ற இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பக்கத்தில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அது சொல்கிறபடி ஆடுகிறேன் என்று நினைக்கிறார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில், அவர்கள் என்னை ஏமாற்றுக்காரன் என்று நினைப்பதே தேவலை என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இடது தோளில் வீக்கம். நிலையில் இடித்துக்கொண்டேன். வீட்டு வாசல் குறுகல். “நாம குடிவந்த நாள்ல இருந்து அதே வாசல்தான்” என்கிறாள் பாக்கியம்.

ஜூன் 26, வியாழன்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் சாயங்காலத்திலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

யூகேஜி படிக்கும் யாழினியை அவள் தெருமுனையில் இறக்கினோம். அக்கா கதவைச் சாத்திவிட்டு “போலாம் தம்பி” என்றது. நான் கண்ணாடியில் பார்த்தேன். கண்டிப்பாகப் பார்த்தேன். யாரும் இல்லை. கிளட்ச்சை விட்டேன். வண்டி ஒரு முழம் நகர்ந்திருக்கும். அக்கா கதவை ஓங்கி ஓங்கித் தட்டியது. “நிறுத்து! நிறுத்து தம்பி! பிள்ள நிக்குது!”

யாழினியின் தண்ணீர் பாட்டில் கீழே விழுந்து உருண்டிருக்கிறது. அதை எடுக்கக் குனிந்திருக்கிறாள். இடது முன்சக்கரத்துக்கு எட்டுகிற தூரத்தில் அந்தப் பிள்ளை பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தது. பயந்த மாதிரிகூடத் தெரியவில்லை. “டாட்டா டிரைவர் மாமா” என்றது.

கைப்பிரேக்கை இழுத்துவிட்டேன். கியரைப் பிடிக்க முடியவில்லை. பிள்ளைகள் எல்லாம் ஒன்றும் நடக்காத மாதிரி பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா.”

“சொல்லல. ஆனா நீ நல்லாத் தூங்கு தம்பி. கண்ணெல்லாம் எங்கயோ இருக்கு ஒனக்கு.”

குனிந்த பிள்ளையை எந்த டிரைவரால் பார்க்க முடியும்? புதுக் கண்ணாடி வேறு இன்னும் சரியாகத் திருப்பி வைக்கவில்லை. நாளைக்குச் சரி செய்ய வேண்டும்.

ஜூன் 27, வெள்ளி

கண்ணாடியைச் சரி செய்யப் போனேன். அது சரியாகத்தான் இருந்தது.

ஜூன் 28, சனி

மூக்குக்கண்ணாடிக் கடையில் போய்க் கண்ணைக் காட்டினேன். நேராக மாட்டியிருந்த அட்டையில் எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் மளமளவென்று வாசித்தேன். “அண்ணே, ஒங்க வயசுக்கு இது அபூர்வம்ணே. கண்ணு கல்லு மாதிரி இருக்கு” என்றான் அந்தப் பையன்.

கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரோட்டில் நின்று ஒரு நிமிடம் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வீட்டுக்குக் காராசேவு வாங்கிப் போனேன். “என்ன விசேஷம்?” என்று கேட்டாள் பாக்கியம். “கண்ணு கல்லு மாதிரி இருக்காம்” என்றேன். “கண்ணுக்கு என்ன? கண்ணுக்கு எதுக்குப் போய்க் காட்டுன?” என்று திருப்பிக் கேட்டாள். காராசேவைத் தின்னாமல் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 29, ஞாயிறு

டீச்சர் வரவில்லை, உறவில் ஒரு கல்யாணம். பாயோடு ஒரு ஆட்டம் ஆடினேன். தனுஷ்கோடி எங்கள் பக்கத்தில் உட்காராமல் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தான். பின்னால் ஆள் நின்றால் எனக்குப் பிடிக்காது என்று அவனுக்குத் தெரியும். ஓரத்தில் இருந்த பாயின் குதிரை பாய்ந்து என் ராணியைக் கொண்டுபோனது. பின்னால் அவன் மூச்சு ஒரு கணம் நின்றது எனக்குக் கேட்டது.

“நம்ம ரெண்டு பேரும் ஒண்ணு ஆடுவமாண்ணே?” என்றான்.

நான் கறுப்பு. கூரை ஓட்டை வழியாக வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று சொல்லி, பலகையை என் வலது கைப் பக்கமாக மேசை ஓரத்துக்கு இழுத்துப் போட்டான். ஆடினோம். நான் ஜெயித்தேன்! இரண்டு மாதத்தில் நேரில் ஜெயித்த முதல் ஆட்டம். அவன் யோசித்த ஒவ்வொன்றையும் முன்னாலேயே பார்த்து அடைத்தேன். எழுந்து போய்ப் பக்கத்துக் கடையில் எல்லாருக்கும் டீ சொன்னேன், என் கணக்கில்.

“இன்னொண்ணு” என்றான். இந்தத் தடவை பலகையை என் இடது கைப் பக்கம் தள்ளினான். எதற்கு என்று கேட்டேன். காய்களை அடுக்க ஆரம்பித்தான். பத்து நகர்த்தலில் முடிந்தது. அவன் மந்திரியை நான் பார்க்கவே இல்லை.

நாற்காலி மாற எழுந்தேன். அவன் எதிரில் இருந்து எழுந்து வந்து, என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். நான் உட்கார்ந்து பார்க்கும் உயரத்தில் அவன் கண்ணை வைத்துப் பலகையைப் பார்த்தான்.

“அண்ணே, பாய்கிட்ட வெள்ளையில ஆடும்போது ராணி பக்கம் போச்சு. டீச்சர்கிட்ட கறுப்புல ஆடும்போது ராஜா பக்கம் போச்சு.”

“ஆமா, ரெண்டு வியாதி. அதான் டீச்சரே சொல்லிட்டாங்களே.”

“ரெண்டு இல்லண்ணே, ஒண்ணுதான். படத்துலதான் வேற வேற பக்கம். ஒங்க நாற்காலியில உக்காந்து பாத்தா ரெண்டுமே ஒங்க இடது கைப் பக்கம்.”

நான் சிரித்தேன். “மீட்டர் பாக்கிறத விட்டுட்டு ஆராய்ச்சியில எறங்கிட்டியாடா?” என்றேன். அவன் சிரிக்கவில்லை.

“வேன்ல பிள்ளைக எறங்குற கதவு எந்தப் பக்கம்ணே?” என்று கேட்டான்.

அவன் மகள் பிரகதி என் வேனில்தான் போகிறாள், இரண்டாம் வகுப்பு. தினமும் காலையில் அவளை அந்தக் கதவு வழியாக ஏற்றிவிடுபவன் அவன்தான். அவனுக்குத் தெரியாதா?

“எல்லா வேனுக்கும் இடது பக்கம்தான்” என்றேன்.

டீ வந்தது. அவன் குடிக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

பிரகதி வரவில்லை. காய்ச்சலாக இருக்கும். ஊரெல்லாம் காய்ச்சல்.

ஜூலை 1, செவ்வாய்

இன்றைக்கும் பிரகதி வரவில்லை. பள்ளிக்கூட வாசலில் வேனைத் திருப்பும்போது பார்த்தேன். தனுஷ்கோடி பைக்கில் பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் குனிந்து அவள் ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான். அவள் ஷூவில் கயிறே கிடையாது, ஒட்டுகிற பட்டைதான். எனக்குத் தெரியும், எத்தனை தடவை நானே ஒட்டிவிட்டிருக்கிறேன்.

அவன் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடுவான். இன்றைக்கே சொல்லியிருப்பான். மத்தியானம் ஆபீசிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது, அதற்குத்தான் என்று வேன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். டீசல் ரசீதுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஜூலை 2, புதன்

கழுத்து வலி. நாள் முழுக்கக் கழுத்தை இடது பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தே ஓட்டுகிறேன். இரண்டு தடவை பார்க்கிறேன், மூன்று தடவை பார்க்கிறேன். திருப்பினால் எல்லாம் தெரிகிறது. தெரிகிறதா இல்லையா? அப்புறம் என்ன? ஆனால் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது முன்னால் என்ன வருகிறது என்று பயம். முன்னால் பார்க்கும்போது அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று பயம். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரும்போது சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது.

பாக்கியம் கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே, “என்னமோ இருக்கு. நீயா சொன்னாத்தான் உண்டு” என்றாள். “இன்னும் கொஞ்சம் கீழ தேயி” என்றேன்.

சோதித்துப் பார்ப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. நேராக ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இவளை விரலை ஆட்டச் சொன்னால் போதும். நான் செய்யவில்லை. பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் காலையில் வண்டியை எடுக்க முடியாது. வண்டி எடுக்காத சீனிராஜ் யார் என்று எனக்கே தெரியாது. மீசை முளைத்ததிலிருந்து ஸ்டியரிங்கைத்தான் பிடித்திருக்கிறேன்.

ஜூலை 3, வியாழன்

தனுஷ்கோடியைத் தேடிப் போனேன். பகல் ட்ரிப்புக்கு இடையில் நேரம் இருந்தது. நெசவாளர் தெரு ஒன்றில் ஒரு வீட்டுச் சுவரில் மீட்டர் பெட்டியைத் திறந்து ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தான். உள்ளே தறி ஓடும் சத்தம். அதனால் கொஞ்சம் சத்தமாகவே பேச வேண்டியிருந்தது.

“பிரகதிக்கு உடம்புக்கு என்னடா?”

“ஒண்ணும் இல்லண்ணே. நல்லாத்தான் இருக்கா.”

“அப்ப ஏன் வேனுக்கு அனுப்பல?”

மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். எழுதிக்கொண்டு போக வேண்டிய எண் அவன் கண்முன்னால் இருந்தது. அவன் எழுதவில்லை.

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. “ஒம் பிள்ளைய மட்டும் எடுத்துக்கிட்டியே, மத்த பிள்ளைகள என்ன செய்யச் சொல்ற? யாழினிய என்ன செய்யச் சொல்ற? அதுகளுக்கெல்லாம் அப்பன் ஆத்தா இல்லையாடா? தெரிஞ்சவன் சொல்ல வேண்டாமா?” என்று கத்தினேன்.

கத்தி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

தனுஷ்கோடி திரும்பினான். “அப்ப ஒங்களுக்கே தெரியும்” என்றான்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“ஸ்கூல் நம்பர எடுத்து எடுத்து வச்சேண்ணே. என்னன்னு சொல்றது? செஸ்ல குதிரையப் பாக்கல, அதனால டிரைவர மாத்துங்கன்னா? நான் நெனச்சது தப்பா இருந்தா ஒங்க பொழப்பு போயிருமே. ஒங்ககிட்ட நேரா சொல்லவும் வாய் வரல. காலையில அவள ஏத்திவிட வந்து நின்னேன், கை வரல. தூக்கி பைக்குல உக்கார வச்சுட்டேன். மத்த பிள்ளைக ஜன்னல் வழியா டாட்டா காட்டிட்டுப் போகுது. நான் அப்பிடியே நின்னுக்கிட்டு இருந்தேன்.” மீட்டர் பெட்டியைச் சாத்தினான். “பயந்துட்டேண்ணே. என் பிள்ளைய மட்டும் காப்பாத்திக்கிட்டு ஓடிட்டேன்.”

அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அறைய எனக்கு என்ன யோக்கியதை? அவனாவது ஒரு பிள்ளையை இறக்கினான். நான் ஒன்றைக்கூட இறக்கவில்லை.

“நாளைக்குச் சாயங்காலம் நானே ஆபீசுல சொல்லிருதேன்” என்றேன்.

“இன்னைக்குச் சொன்னா என்னண்ணே?” என்றான்.

இன்றைக்கும் சாயங்கால ட்ரிப் ஓட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதும்போதே கை கூசுகிறது.

ஜூலை 4, வெள்ளி

நாலாவது நிறுத்தம். இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேரும் ஏறினார்கள். அவர்களின் அம்மா வீட்டு வாசலில் நின்று கையசைத்துக்கொண்டிருந்ததாக அக்கா பிறகு சொன்னது. நான் பார்க்கவில்லை.

“போலாம் தம்பி.”

கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஆள் இல்லை. முன்னால் திரும்பினேன். திரும்பியதும், இதற்குள் யாராவது வந்து நின்றிருந்தால் என்று தோன்றியது. மறுபடி திரும்பிப் பார்த்தேன். ஆள் இல்லை. முன்னால் திரும்பினேன். மறுபடியும் அதே பயம்.

“எல்லாரும் உள்ள இருக்காங்களாக்கா?”

“இருக்காக.”

“கீழ யாரும் இல்லையே?”

“இல்ல தம்பி. எடு.”

எடுக்க முடியவில்லை. கிளட்ச்சில் இருந்த கால் தூக்க வரவில்லை. கல்லைக் கட்டிவிட்ட மாதிரி கிடந்தது. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான். பிள்ளைகள் அந்த ஹாரனை மாதிரியே வாயால் ஊதிச் சிரித்தார்கள். யாழினி முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “மாமா, வண்டி ரிப்பேரா?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா” என்றேன்.

சாவியைத் திருப்பி எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு வேறு டிரைவரை அனுப்பச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். “எனக்கு இடது பக்கம் கண்ணு தெரியல சார்” என்றேன். “எப்ப இருந்து?” என்று கேட்டார் மேனேஜர்.

இதற்கு என்ன பதில் சொல்ல? இன்றைக்கு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. “சித்திரையில இருந்து” என்றேன்.

வேறு டிரைவர் வரும்வரை பிள்ளைகளோடு வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக இரட்டைப் பிள்ளைகளின் அம்மா என்னை விசாரித்தார். சொன்னேன். அவர் முகத்தில் முதலில் இரக்கம் வந்தது. பிறகு ஒரு கணக்கு ஓடுவது தெரிந்தது. எத்தனை மாதமாக இவனிடம் அனுப்பியிருக்கிறோம் என்ற கணக்கு. சட்டென்று கதவைத் திறந்து இரண்டு பிள்ளைகளையும் கீழே இறக்கி இடுப்போடு அணைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு நடந்தே போனேன், சுவர் ஓரமாக. பாக்கியத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான். “யாரு மேலயும் ஏத்திரலையே?” இல்லை என்றதும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஜூலை 6, ஞாயிறு

பாயும் டீச்சரும் வீட்டுக்கு வந்தார்கள். செல்போன் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னதற்குப் பாய் மன்னிப்புக் கேட்டார். சின்னத் திரை முழுவதும் நேர்ப் பார்வைக்குள் அடங்கிவிடும், மேசைப் பலகை அடங்காது, அதனால்தான் அங்கே ஜெயித்திருக்கிறேன் என்று டீச்சர் விளக்கினார். “இத்தன வருசம் கணக்கு எடுத்து என்ன? ரெண்டு வியாதின்னு எழுதிக் குடுத்தேனே” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் என்ன செய்வார்? செஸ் வியாதி என்றுதானே எல்லாரும் நினைத்தோம்.

பலகை எடுத்து வந்திருந்தார்கள். ஆட எனக்கு மனசு வரவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மதுரையில் கண்ணாஸ்பத்திரி. தனுஷ்கோடி லீவு போட்டுவிட்டுக் கூட வந்தான். பஸ்ஸில் என் இடது பக்கம்தான் உட்கார்ந்து வந்தான்.

டாக்டரம்மா சின்ன வயசு. என்னை அவர் மூக்கையே பார்க்கச் சொல்லி, பக்கத்தில் விரல்களைக் காட்டிக் காட்டிக் கேட்டார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். கண் பார்த்ததை வாங்கிக்கொள்ளும் இடம் பின்மண்டையில் இருக்கிறதாம். அந்தத் தலைவலி வந்த அன்றைக்கு அங்கே ஒரு ரத்தக்குழாய் அடைத்திருக்க வேண்டும் என்றார். அதனால் இரண்டு கண்ணிலும் இடது பாதி போயிருக்கிறது. இருட்டாகத் தெரியாது, வெறுமனே இல்லாமல் போயிருக்கும், அதனால்தான் போனதே தெரியவில்லை என்றார். ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். திரும்ப வருமா என்று தனுஷ்கோடி கேட்டான். இத்தனை நாள் ஆனதால் பெரும்பாலும் வராது, மேற்கொண்டு போகாமல் மருந்து கொடுக்கலாம் என்றார். “வண்டி?” என்று நான் கேட்டேன். டாக்டரம்மா கூடாது என்று தலையை ஆட்டினார்.

எவ்வளவு போயிருக்கிறது என்று அளப்பதற்கு ஒரு சோதனை. இருட்டு அறை. ஒரு கண்ணை மூடிக் கட்டி, கிண்ணம் மாதிரி இருந்த மெஷினுக்குள் முகத்தை வைத்துக்கொள்ளச் சொன்னாள் ஒரு பெண். கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். நடுவில் இருக்கும் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும், சுற்றிலும் எங்கே சின்ன வெளிச்சம் தெரிந்தாலும் பட்டனை அமுக்க வேண்டும்.

வலது பக்கம் ஒரு வெளிச்சம். அமுக்கினேன். மேலே ஒன்று. அமுக்கினேன். வேகமாக வந்துகொண்டே இருந்தது. பரீட்சையில் தெரிந்த கேள்வியாக வருகிற மாதிரி சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்புறம் ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் ஆனது.

“ஏம்மா, மெஷின் நின்னுபோச்சா?”

“இல்லய்யா, ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. லைட்டு வந்துக்கிட்டேதான் இருக்கு. நீங்க நேராப் பாருங்க.”

நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. இருட்டுகூட இல்லை. யாரும் நிற்கவில்லை என்று என்னால் சத்தியம் பண்ணியிருக்க முடியும். ஒவ்வொரு நாளும் காலையிலும் சாயங்காலத்திலும் ஒவ்வொரு தெருமுனையிலும் இதே மாதிரி பார்த்துவிட்டு, இதே நிச்சயத்தோடு கிளட்ச்சை விட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் அங்கே எந்தப் பிள்ளை நின்றதோ, எது கடைசி நிமிடத்தில் தானாக நகர்ந்துகொண்டதோ, இனி எனக்குத் தெரியப்போவதே இல்லை. நினைக்க நினைக்க விரல் தானாகப் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தது.

“அய்யா, லைட்டு தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க” என்றாள் அந்தப் பெண்.